முப்பது வருட மிக்ஸிக்கு கார்பன் எங்கே கிடைக்கும்?

கேள்வி:
அம்மா 1991ல் வாங்கிய மிக்ஸி, இட்லிப்பொடி அரைக்கும்போது உள்ளே தீப்பொறி பறக்கிறது, வேகமும் குறைந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் இந்த மாடலுக்குப் பார்ட்ஸ் வராது, புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். எனக்குத் தூக்கிப்போட மனசில்லை. சென்னையில் எங்கே தேடலாம்?

பதில் 1:
கார்பன் பிரஷ், அதாவது சுற்றும் மோட்டாருக்கு உரசியபடியே கரண்ட் கொடுக்கும் சின்னக் கரித்துண்டு, தேய்ந்திருக்கும். அதற்கு மாடல் பெயரே தேவையில்லை, அளவுதான் முக்கியம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பழையதைக் கழற்றி அகலம், கனம் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள், முடிந்தால் கையோடு எடுத்துப் போங்கள். பாரிமுனைப் பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் விசாரியுங்கள், இல்லையென்றால் உங்கள் ஏரியாவில் மோட்டார் காயில் கட்டும் கடை. சரியான அளவு கிடைக்காவிட்டால் கொஞ்சம் பெரியதாக வாங்கி உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்தலாம், ஆனால் பிரஷ் உட்காரும் கூட்டுக்குள் சிக்காமல் வழுக்கிப் போக வேண்டும். மோட்டாரின் இரு பக்கமும் உள்ள இரண்டு பிரஷ்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பதில் 2:
பிரஷ் உரசும் செம்புப் பட்டைகளையும் பாருங்கள். கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் துடைத்தால் போதும், குழி விழுந்திருந்தால் புது பிரஷும் சீக்கிரம் தேய்ந்துவிடும், ஆர்மேச்சரை (அந்தப் பட்டைகள் உள்ள, மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) கடையில் காட்டிவிடுங்கள். அப்புறம் கப்ளர் (மேலே ஜாரை மோட்டாரோடு இணைக்கும் பாகம்) கழற்ற வேண்டிவந்தால் மிக்ஸி சுற்றும் திசையிலேயே திருப்புங்கள், எதிர்ப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும்.

கேள்வி கேட்டவர்:
கழற்றிப் பார்த்தேன், ஒரு பக்க பிரஷ் அரை சென்டிமீட்டர் நீளம்கூட இல்லை! பட்டைகள் கறுப்புதான், குழி இல்லை. சனிக்கிழமை பாரிமுனை போகிறேன். ரொம்ப நன்றி.