ஐயா மூச்சு வாங்கும் இடம்

எட்டாவது முடித்த கையோடு அப்பா என்னைக் காவிரிக்கரை ஊர் ஒன்றில் தேவாரப் பாடசாலையில் சேர்த்துவிட்டார். ஒரு தகரப் பெட்டி, இரண்டு வேட்டி, ஒரு துண்டு. தங்கிப் படித்தவர்கள் மொத்தம் 11 பேர். முதல் வாரம் எல்லாரும் அழுதோம், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

காலை நாலரைக்கு மணி அடிக்கும். குளித்து, நீறு பூசி, ஐந்தரைக்குள் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தேவாரப் பாட்டின் ராகத்தைப் பண் என்போம்; விடியற்காலைக்குப் புறநீர்மைப் பண். கச்சேரி வழக்கில் அதைப் பூபாளம் என்பார்கள்; அந்தப் பெயரை நாங்கள் சொன்னால் பாடம் சொல்லித்தரும் ஐயாவுக்குப் பிடிக்காது. பகலுக்குச் சில பண், இரவுக்குச் சில பண் என்று பிரிவு உண்டு. அதில் ரொம்பக் கண்டிப்பு.

முதல் ஆறு மாதம் புத்தகமே கையில் தரவில்லை. அவர் ஓர் அடி பாடுவார், நாங்கள் இரண்டு முறை திருப்பிப் பாட வேண்டும். ஒருநாள் சளியால் அவர் நடுவில் செருமினார். பக்கத்தில் இருந்தவன் அந்தச் செருமலையும் சேர்த்துத் திருப்பிச் சொன்னான். தலையில் ஒரு குட்டு. வேண்டுமென்று செய்யவில்லை பாவம், காதில் விழுந்ததெல்லாம் பாடம் என்று நினைத்துவிட்டான்.

சாப்பாட்டு நேரத்தில்தான் ஐயாவுக்கு ராஜராஜன் ஞாபகம் வரும். தஞ்சைப் பெரிய கோயிலில் பதிகம் பாட 48 பேர், உடுக்கைக்கும் கொட்டி மத்தளத்துக்கும் 2 பேர், ஆளுக்குத் தினம் முக்குறுணி நெல், கல்வெட்டிலேயே இருக்கிறது என்பார். நாங்கள் தட்டில் ஓடும் ரசத்தை அணை கட்டிக்கொண்டே கேட்போம்.

ஒரு மார்கழிக் குளிரில் எழ மனமில்லாமல் வயிற்று வலி என்று சுருண்டு படுத்தேன். ஐயா வந்து தலைமாட்டில் நின்றார்.

"சூலையா? அப்ப அப்பர் பாடினதைப் பாடு. கூற்றாயினவாறு, பத்துப் பாட்டும்."

அப்பர் சூலை நோயோடு திருவதிகை போய்ப் பாடிய பதிகம். பண் கொல்லி. நான் புத்திசாலித்தனமாக, "ஐயா, கொல்லி இராப் பண்ணாச்சே" என்றேன்.

"வயித்து வலி மட்டும் நேரம் பாத்தா வந்துது?"

பத்தையும் பாடினேன். வலி போய்விட்டது, வேறு வழி?

அந்தப் பதிகத்தில் முதல் பாட்டின் மூன்றாம் அடி, வயிறு முறுக்குவதைச் சொல்லும் இடம், ஐயாவுக்கு எட்டாது. அவருக்கு இழுப்பு உண்டு. நடுவில், அதுவும் சொல்லை உடைத்து, ஒரு மூச்சு வாங்குவார். "அது என் குறைடா, பாட்டோட குறை இல்ல. நீங்க சேத்துப் பாடுங்க" என்று எத்தனையோ முறை சொன்னார். எங்களில் ஒருவனுக்கும் வரவில்லை. 11 பேரும் அங்கே உடைத்தோம்.

நான் கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் ஆகவில்லை, அது தனிக் கதை. போன வருஷம் வேலை விஷயமாகப் போன ஊரில், சாயங்காலம் சிவன் கோயிலுக்குள் நுழைந்தேன். முப்பது வயதிருக்கும் ஓதுவார், கைத்தாளத்தோடு அதே பதிகம். கணீரென்ற குரல். மூன்றாம் அடியில், சரியாக அதே இடத்தில், சொல்லை உடைத்து ஒரு மூச்சு!

பாடி முடிக்கும்வரை தூணோரம் நின்றேன். அப்புறம் போய், "தம்பி, யாரிடம் பாடம்?" என்று கேட்டேன். சொன்னார். ஐயா பெயர் இல்லை. அன்று செருமிக் குட்டு வாங்கினானே, அவன் பெயர்.

"அவருக்கு இழுப்பு ஏதும் உண்டா?"

"இல்லண்ணே, நல்லா திடமா இருக்கார். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான் தம்பி" என்றேன்.