‘விடாது கருப்பு’: இப்போதும் பயமாக இருக்கிறதா?

செல்லூர்க்காரன்: ‘மர்மதேசம்’ வரிசையில் வந்த இந்தத் தொலைக்காட்சித் தொடரை 1990களின் கடைசியில் பக்கத்து வீட்டுக் கூடத்தில், தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தவன் நான். கருப்பசாமியின் குதிரைக் குளம்பொலி கேட்டாலே கண்ணை மூடிக்கொள்வேன். சென்ற வாரம் மகளோடு மறுபடி பார்த்தேன். அவள் முறுக்கைக் கடித்தபடி, “குதிரை அழகாக இருக்கிறதே அப்பா” என்கிறாள். எனக்கோ உள்ளங்கை வியர்க்கிறது! உங்களுக்கும் இப்படியா?

மேலூர் அக்கா: பின்னே? அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமி கதவுக்கு முன்னால் பொய் சொல்ல நடுங்கி வளர்ந்தவர்கள் நாம். மகள் வளர்வது எந்த ஊரில், தம்பி?

செல்லூர்க்காரன்: சென்னையில், அக்கா.

மேலூர் அக்கா: அதுதானே பார்த்தேன்.

திருமங்கலத்தான்: எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் வாழ்ந்தவர் அல்லவா, மண்வாசனை இருக்கத்தான் செய்யும். நான் இன்னும் பாதியில் இருக்கிறேன். புண்ணியமாகப் போகும், முடிவை யாரும் இங்கே எழுதிவிடாதீர்கள்.