பிங்யாவ் கோட்டை நகரத்தில் கூட்டம் போகாத இடங்கள் எவை?

மலர், சுங்கை சிப்புட்

வணக்கம். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் நான், கணவர், மகள், மாமியார் நாலு பேரும் சீனாவில் ஷான்சி மாநிலத்துப் பிங்யாவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். மகள் இங்கே சீனப் பள்ளியில் படிக்கிறாள், மாண்டரின் நன்றாக வரும், அதனால் சுற்றுலாக் குழுவோடு சேராமல் நாங்களாகவே போகிறோம். யூடியூப்பில் பார்த்தால் எல்லோரும் அதே தெற்குத் தெரு, அதே சிவப்பு விளக்கு, மதில் மேல் ஒரு படம், அவ்வளவுதான். நெரிசல் இல்லாத, ஆனால் உண்மையிலேயே பார்க்க வேண்டிய இடங்கள் என்ன? மாமியார் முப்பது வருஷம் தோட்டத்தில் பால் மரம் சீவியவர், எவ்வளவு தூரமும் நடப்பார், ஆனால் படி ஏறினால் முட்டி வலிக்கும். அப்புறம், நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, மாமியார் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

செம்பனைத் தோட்டத்தான்

தங்கச்சி, மதிலுக்கு வெளியே போங்கள், என் முதல் பதில் அதுதான். 1997-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது ஊரை மட்டும் சேர்க்கவில்லை, வெளியே இருக்கும் ஷுவாங்லின், ஜென்குவோ என்ற இரண்டு கோயில்களையும் சேர்த்துத்தான் சேர்த்தார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஊருக்குள்ளேயே சுற்றிவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள், அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது.

ஷுவாங்லின் தென்மேற்கே 6 கிலோமீட்டர்தான். கி.பி. 571-இல் புதுப்பித்ததாகவே கல்வெட்டு சொல்கிறது, அப்படியென்றால் கோயில் அதற்கும் பழையது. உள்ளே 2,000-க்கும் மேற்பட்ட வண்ணச் சுதைச் சிற்பங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் மிங் அரச மரபின் காலத்தவை. மண்டபங்களில் வெளிச்சம் குறைவு, கண் பழகும் வரை அவசரப்படாமல் நில்லுங்கள். அங்கே வெய்துவோ என்ற காவல் தெய்வத்தைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். கவசம் போட்டு, இடுப்பை ஒரு பக்கம் திருகி, அடுத்த நொடி பாய்ந்துவிடுவான் போல நிற்பான், உயரம் ஓர் ஆள் அளவுதான். நம்முடைய கந்தன் பௌத்தத்தோடு சீனாவுக்குப் போய் எடுத்த உருவம்தான் அவன் என்று பலரும் சொல்கிறார்கள். உங்கள் மாமியாரிடம் இதை முன்பே சொல்லி அழைத்துப் போங்கள்.

ஜென்குவோ வடகிழக்கே 12 கிலோமீட்டர் போல. அங்கே இருக்கும் மரக் கூடம் கட்டப்பட்ட ஆண்டு 963. நம் தஞ்சைப் பெரிய கோயிலே 1010-இல்தான் கட்டி முடிந்தது, அதற்கு முன்பிருந்து ஒரு மரக் கட்டடம் மழையிலும் பனியிலும் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கூடம் சின்னது, ஆனால் கூரையைத் தாங்கும் போதிகைக் கட்டைகள் மட்டும் தூணின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கும், அதனால்தான் அவ்வளவு பெரிய கூரை அவ்வளவு தூரம் வெளியே நீண்டு நிற்கிறது. உள்ளே இருக்கும் சிலைகளில் 11 அந்தக் கூடத்தோடு பிறந்தவை. கோயில்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் தங்கும் விடுதியில் சொல்லி ஒரு கார் பேசிக்கொள்ளுங்கள்.

வாணி, ஈப்போ

அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் ஊருக்குள் ஒன்றுமில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கூட்டமெல்லாம் தெற்குத் தெருவிலும் மேற்குத் தெருவிலும்தான். மலர், நீங்கள் கிழக்குப் பக்கம் திரும்புங்கள். கன்பூசியஸ் கோயிலின் முதன்மை மண்டபம் 1163-இல் திரும்பக் கட்டியது, முற்றம் முழுக்கப் பழைய மரங்கள், மாமியார் நிம்மதியாக உட்காரலாம். கிழக்குத் தெருவின் கோடியில் சிங்ஷு என்ற தாவோயிசக் கோயில், 657-இல் தொடங்கியது. தென்கிழக்கு மூலையில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம்கூட இருக்கிறது. அந்தச் சந்துகளில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வாசலில் நிலக்கரி, துணி காய்கிறது, தாத்தாக்கள் சீட்டாடுகிறார்கள். எனக்கு அதுதான் ஊர்.

1823-இல் தொடங்கிய ரிஷெங்சாங் என்ற பணம் அனுப்பும் உண்டியல் கடைக்கு எல்லோரும் போவார்கள், நெரிசல் தாங்காது. வெள்ளிக் கட்டிகளை வண்டியில் ஏற்றி அனுப்பாமல், ஓர் ஊரில் பணம் கட்டி இன்னோர் ஊரில் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளும் முறையை நாடு முழுக்கப் பரப்பியது அந்தக் கடைதான். இங்கே மலேசியாவில் செட்டியார்களின் வட்டிக்கடைகளான கிட்டங்கிகள் பார்த்த தொழில்தானே, அதனால் நமக்குச் சட்டென்று புரியும். கூட்டம் வேண்டாம் என்றால் தெற்குத் தெருவிலேயே இருக்கும் சியேதொங்சிங் என்ற இன்னோர் உண்டியல் கடைக்குப் போங்கள். நிலவறைக்குள் பணம் வைத்த பெட்டகத்தைப் பார்க்கலாம், மாமியார் மட்டும் மேலே முற்றத்தில் இருக்கட்டும்.

தெருக்களில் நடக்கக் கட்டணம் இல்லை. மதிலுக்கும் உள்ளே இருக்கும் காட்சி இடங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டு, வெளியே உள்ள இரண்டு கோயில்களுக்குத் தனித் தனி.

மலர், சுங்கை சிப்புட்

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. கந்தன் விஷயத்தை மாமியாரிடம் சொன்னேன், இப்போது எங்களைவிட அவர்தான் அவசரப்படுகிறார். அப்படியென்றால் மதில் மேல் ஏறாமலே விட்டுவிடலாமா?

செம்பனைத் தோட்டத்தான்

விடலாம் என்பேன். 1370-இல் கட்டிய மதில், சுற்றளவு 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வெளிப்பக்கமாக அடியில் நடந்தாலே அதன் உயரமும் காவல் கோபுரங்களும் நன்றாகத் தெரியும், படியும் ஏற வேண்டாம். உள்ளே இறுக்கிய மண், மேலே செங்கல் போர்த்தியது, அதனால் தண்ணீர்தான் அதற்கு எதிரி. 2021 அக்டோபரில் விடாமல் பெய்த மழையில் 25 மீட்டர் அளவுக்கு ஒரு பகுதி சரிந்தே போனது.

வாணி, ஈப்போ

எனக்கு இதில் உடன்பாடில்லை. மகளும் கணவரும் ஏறட்டும். மேலே இருந்து பார்த்தால்தான் வீடுகளின் சாம்பல் நிறக் கூரைகளும் முற்றங்களும் எப்படி அடுக்காக இருக்கின்றன என்பது புரியும். ஊரை ஆமை என்று சொல்வார்கள், தெற்கு வாசல் தலை, வடக்கு வாசல் வால், கிழக்கிலும் மேற்கிலும் இரண்டிரண்டு வாசல்கள் கால்கள். அதையும் மேலே நின்று மகளுக்குக் காட்டலாம்.

ரவி, பாகான் செராய்

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. பிங்யாவின் பெயர் போன பொருளே உப்பிட்ட மாட்டிறைச்சிதான், கடைக்குக் கடை அதுதான் அடுக்கியிருக்கும். அதனால் மகளை விட்டு, மாடு வேண்டாம், பாட்டிக்கு இறைச்சிச் சாறுகூட வேண்டாம் என்று சீனத்தில் எழுதி எல்லோர் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சீனர் கடைச் சாப்பாடு அங்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஷான்சி கோதுமை நாடு, அரிசி பின்னால்தான், எல்லாவற்றிலும் கறுப்புப் புளிக்காடி. ஓட்ஸ் மாவைக் குழல் குழலாகச் சுருட்டி ஆவியில் வேகவைத்துத் தருவார்கள், தக்காளிக் குழம்போடு கேளுங்கள், மாமியாருக்குப் பிடிக்கும். ஊறுகாயும் கொஞ்சம் மிளகாய்ப் பொடியும் கொண்டு போங்கள்.

மலேசியக் கடப்பிதழுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். சியானில் இறங்கி அதிவேக ரயிலில் போனால் சுமார் 3 மணி நேரம். டிசம்பரில் பூஜ்யத்துக்குக் கீழே போகும், அதனால் சூடேற்றிய செங்கல் மேடைப் படுக்கை உள்ள பழைய முற்ற வீட்டு விடுதியாகப் பார்த்து எடுங்கள். எடுக்கும்போது கீழ்த்தளத்து அறை என்று கேட்டு வாங்குங்கள், மாடிப் படிகள் செங்குத்தாக இருக்கும்.