மிஞ்சின ஹாமைக் கருவாட்டுக் கணக்கில சமையுங்கோ: திருகோணமலைக் குசினி அனுபவங்கள்

(கீழ தலைப்பாய் இருக்கிறது திருகோணமலைப் பக்கத்து இடங்கள். அந்தந்த இடத்து ஆள் சொன்னது அதுக்குக் கீழ.)

உவர்மலை

நத்தார் முடிஞ்சு எலும்போட 2 கிலோ ஹாம் மிஞ்சினால், அதை இறைச்சிக் கறி மாதிரிச் சமைக்கிறதுதான் முதல் பிழை. ஹாம் எண்டது உப்பில ஊறின பன்றித் தொடை. 100 கிராமில ஏறத்தாழ 2 முதல் 3 கிராம் உப்பு இருக்கும். கருவாட்டை ஒருத்தரும் ஆளுக்குக் கால் கிலோ கணக்கில சட்டியில போடுறதில்லையே. கத்தரிக்காய்க்கோ வாழைக்காய்க்கோ ருசி ஏத்தத்தான் போடுறம். ஹாமுக்கும் அதே கணக்கு. 5 பேருக்கு ஒரு நேரத்துக்கு 150 முதல் 200 கிராம் காணும். எலும்பு போக 1½ கிலோ சதை தேறினால், 7 முதல் 10 நேரத்துக்கு வரும். எலும்பில இன்னும் ஒரு நேரம்.

மிஞ்சின அண்டைக்கே எலும்பை விட்டுச் சதையைக் கழட்டுங்கோ. முழுசாய் பிரிட்ஜுக்குள்ள வைச்சால் நடு ஆற நேரம் எடுக்கும், இடமும் அடைக்கும். நாலாய்ப் பிரியுங்கோ: பாணுக்கு வைக்கிற மெல்லிய துண்டு, கறிக்குச் சின்னத் துண்டு, கொழுப்பும் தோலும், எலும்பு. சதையின்ர நார் ஓடுற பக்கத்துக்குக் குறுக்காய் வெட்ட வேணும். நார் வழிய வெட்டினால் சவ்வு மாதிரி இழுபடும்.

மேல சீனியோ தேனோ பூசிச் சுட்ட ஹாம் எண்டால் அந்தப் பூச்சைச் சீவி எடுங்கோ. தாச்சியில முதல் கருகிறது அந்தச் சீனிதான். குத்தின கராம்பை ஒவ்வொண்டாய்ப் பிடுங்கி எண்ணுங்கோ. ஒண்டு தப்பினாலும் கறி முழுக்க அந்த மணம்தான் நிக்கும்.

பாலையூற்று

உவர்மலை அக்கா சொன்னதோட, ஹாமைப் பழுதாகாமல் வைக்கிற விசயத்தையும் சேர்க்கிறன். மார்கழி மழையில குளிர் எண்டு நினைச்சு மேசையில விடாதேங்கோ. எங்கட குளிர் 20 பாகைக்குக் கீழ போறது அருமை. அந்தச் சூட்டில கிருமி வேகமாய்ப் பெருகும். வெளியில மொத்தம் 2 மணித்தியாலம் தான் கணக்கு. பூசைக்குப் போட்டு வந்து சாப்பிட்டு, ஆக்கள் வந்து போய், பிறகு எடுத்து வைப்பம் எண்டால் அந்த நேரம் தாண்டியிடும்.

பிரிட்ஜில 3, 4 நாள். மிச்சத்தை 200 கிராம் பொட்டலங்களாய்த் தட்டையாக்கி, காத்தை வெளியேத்திக் கட்டி ப்ரீசரில வையுங்கோ, மேல திகதி எழுதுங்கோ. தட்டையாய் இருந்தால் கெதியாய் உறையும், கெதியாய் இளகும். ப்ரீசரிலயும் 2 மாதத்துக்கு மேல வைக்காதேங்கோ. உப்புக் கூடின கொழுப்பு உறைஞ்ச நிலையிலயும் மெல்ல மெல்லக் காறும். பழைய எண்ணெய் மணம் வந்தால் அதுதான். உறைஞ்சு இளகினது தண்ணி விடும், அதால பாணுக்கு நல்லாய் இராது. கறிக்கும் சோறுக்கும் வைச்சுக்கொள்ளுங்கோ.

மழைக் காத்துக்குக் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருங்கோ. மூடின பிரிட்ஜ் 4 மணித்தியாலம் தாங்கும். ப்ரீசர் நிரம்பி இருந்தால் 48 மணித்தியாலம், பாதி எண்டால் 24. அதைத் தாண்டி இளகிச் சூடாகிப் போன ஹாமைத் திரும்பக் கொதிக்க வைச்சால் சரி எண்டு நினைக்கக் கூடாது. சில கிருமி விட்டுப் போன நஞ்சு கொதிச்சாலும் போகாது.

லிங்கநகர்

கருவாட்டுக் கணக்கு எண்டதுக்குக் கத்தரிக்காய்க் கறியே சாட்சி. அளவு இது: கத்தரிக்காய் 500 கிராம், ஹாம் 150 கிராம், சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 4, கறித்தூள் ஒரு மேசைக்கரண்டி, இரண்டாம் பால் ஒரு கப், முதல் பால் அரைக் கப், பாக்களவு புளி.

சூடேறாத தாச்சியில கொழுப்போட இருக்கிற துண்டுகளை முதல் போட்டு, சின்ன நெருப்பில விடுங்கோ. எண்ணெய் ஊத்தத் தேவையில்லை. வெள்ளைக் கொழுப்பு கண்ணாடி மாதிரித் தெளிஞ்சு, துண்டின்ர ஓரம் மேல சுருண்டு வரேக்க ஹாமை மட்டும் எடுத்து வைச்சிடுங்கோ. அந்தக் கொழுப்பில வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை, றம்பை வதக்கி, கத்தரிக்காய், தூள், இரண்டாம் பால், புளி எண்டு போங்கோ. ஹாம் கடைசி 5 நிமிசத்துக்குத்தான் திரும்ப உள்ள வரும். அது ஏற்கனவே வெந்தது. முதலில இருந்து கொதிக்க விட்டால் சதை தண்ணியை விட்டுட்டு வார் மாதிரி ஆகும், உப்பு முழுக்கக் குழம்புக்குள்ள இறங்கும். முதல் பால் விட்டபிறகு மூடாதேங்கோ, தளதளக்க விடாதேங்கோ, திரைஞ்சு போகும். உப்பு போடவே வேண்டாம். இறக்கிப்போட்டு நாக்கில வைச்சுப் பாருங்கோ, அதுக்குப் பிறகு முடிவெடுங்கோ.

பொரிச்ச சோறுக்கும் இதே வழி. 3 சுண்டு அரிசியில முதல் நாளே அவிச்சு ஆறவைச்சு பிரிட்ஜில வைச்ச சோறு, 200 கிராம் ஹாம், லீக்ஸ், கரட், 3 முட்டை. சோயா சோஸ் ஒரு தேக்கரண்டிக்கு மேல வேண்டாம். சோஸும் உப்பு, ஹாமும் உப்பு. சுடச்சுடச் சோறு போட்டால் குழைஞ்சு களியாகும்.

சீனன்குடா

எலும்பை எறியிறவைக்குத்தான் இது. கொண்டைக்கடலை 250 கிராமை இரவு முழுக்க ஊறவைச்சு அந்தத் தண்ணியை ஊத்துங்கோ. எலும்பை வேற சட்டியில 5 நிமிசம் கொதிக்க வைச்சு முதல் தண்ணியை வீசுங்கோ, பாதி உப்புத் தொல்லை அதோட போகும். பிறகு எலும்பு, கடலை, 2½ லீற்றர் தண்ணி, ஒரு பெரிய வெங்காயம், உள்ளி 6 பல்லு, மிளகு ஒரு தேக்கரண்டி, கறுவாத் துண்டு. மூடி, மெல்லிய நெருப்பில 2 மணித்தியாலம். பிரஷர் குக்கரில 40 நிமிசம்.

தக்காளியும் தேசிக்காயும் கடலை மசியிற பதத்துக்கு வந்த பிறகுதான். புளிப்பு முதலே விழுந்தால் கடலை எவ்வளவு அவிச்சாலும் உள்ளுக்குள்ள கல்லு மாதிரி நிக்கும். ஆக்கள் கடலையைக் குறை சொல்லுவினம், பிழை தக்காளியிலதான்.

வடிச்ச ரசத்தில ஒரு கரண்டியைச் சின்னத் தட்டில ஊத்தி பிரிட்ஜில வைச்சுப் பாருங்கோ. ஜெலி மாதிரி நடுங்கினால் எலும்பின்ர சத்து இறங்கியிட்டுது. அந்த ரசத்தில மைசூர்ப் பருப்பு 200 கிராம் அவிச்சு, கட்டிப் பால் கொஞ்சம் விட்டால் இடியப்பத்துக்கு வேற சொதி தேவையில்லை.

உப்புவெளி

கட்லட் வெடிக்குது எண்டு கேக்கிறவைக்கு: ஈரம்தான் காரணம். உருளைக்கிழங்கு 500 கிராமைத் தோலோட அவியுங்கோ. வெட்டி அவிச்சால் தண்ணி குடிக்கும். உரிச்சு, சூட்டோட மசிச்சு, ஆவி போக விடுங்கோ. ஹாம் 250 கிராமைப் பொடியாய்க் கொத்தி, வதக்கி ஆறின வெங்காயம், லீக்ஸ், பச்சை மிளகாய், மிளகோட சேர்த்தால் 45 கிராம் அளவில 20 வரும். பாண் தூள் ஒட்டின பிறகு அரை மணித்தியாலம் பிரிட்ஜில வையுங்கோ. தூள் ஒட்டாத ஒரு ஓட்டை இருந்தாலும் அதுக்குள்ளால எண்ணெய் போய்ப் பிளக்கும். எண்ணெயில ஒரு பாண் தூள் போட்டால் உடன மேல வர வேணும், அதுதான் பதம்.

நிலாவெளி

அன்னாசியோட வைக்கிறவை கவனம். சமைக்காத அன்னாசியில இருக்கிற சாறு இறைச்சியை அரிச்சுக் கூழாக்கும். ஹாமோட கலந்து இரவு வைச்சால் காலமை பஞ்சு மாதிரி இருக்கும். அன்னாசியைத் தனியாய் 5 நிமிசம் கொதிக்க வைச்சு ஆறின பிறகு சேருங்கோ. டின் அன்னாசி ஏற்கனவே சூடு கண்டது, அதுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

உவர்மலை

ஹாம் ஏன் றோஸாய் இருக்குது, வேகேல்லையோ எண்டு தம்பி ஒராள் கேட்டார். ஹாம் றோஸ் நிறமாய் இருக்கிறது வேகாததால இல்லை, பதப்படுத்திற உப்பால. வெட்டின முகத்தில வானவில் மாதிரிப் பச்சையும் நீலமும் மினுங்கிறது சதை நாரில வெளிச்சம் சிதறுறதால வாறது. அது பழுது இல்லை. விரலில வழுவழுப்பு ஒட்டினால், புளிச்ச மணம் வந்தால், யோசிக்காமல் எறியுங்கோ.

பிரஷர் உள்ள ஆக்களுக்கு இந்தச் சாப்பாடு அடிக்கடி வேண்டாம். நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாய் உப்பு எண்டது உலக சுகாதார நிறுவனத்தின்ர அளவு. 200 கிராம் ஹாமை ஒருத்தரே சாப்பிட்டால் அதிலயே அது முடிஞ்சிடும்.

இன்னொண்டு. எங்கட ஊரில ஒரே ஒழுங்கையில நத்தாரும் திருவெம்பாவை விரதமும் சில வருசங்களில சேர்ந்து வரும். பக்கத்து வீட்டில முஸ்லிம் ஆக்கள் இருப்பினம். கட்லட்டும் பொரிச்ச சோறும் பாக்க ஒண்டுதான், என்ன கலந்தது எண்டு வெளியில தெரியாது. பலகாரத் தட்டோட அதைக் கலந்து அனுப்பாதேங்கோ. பலகையும் கத்தியும் வேறயாய் வையுங்கோ, பொதுப் பிரிட்ஜில பொட்டலத்துக்கு மேல "பன்றி" எண்டு பெரிசாய் எழுதுங்கோ.

கடைசியாய்ச் சேருற கொழுப்பை உருக்கி, வடிச்சுக் கண்ணாடிப் போத்தலில பிரிட்ஜில வையுங்கோ. முட்டை பொரிக்கிறதுக்கு ஒரு தேக்கரண்டி காணும். பொரிக்கேக்க முட்டைக்கு உப்பைக் குறைச்சுப் போடுங்கோ.