வீட்டுப் பத்திரப் பதிவு அன்று நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் உண்டா?

செம்பாக்கத்தான்:

வீடு வாங்கிப் பதிவு முடிந்து எட்டு மாதம் ஆகிறது. பழைய தனி வீடு, 63 லட்சம். தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்), 30 வருஷ வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), பட்டா எல்லாம் வக்கீல் பார்த்துச் சரி சொல்லிவிட்டார். வீடு விற்றவர்களின் அப்பா பெயரில் இருந்தது. அவர் சொந்த சம்பாத்தியத்தில் கட்டியது, உயில் எழுதவில்லை. அம்மாவும் காலமாகிவிட்டார். வாரிசுச் சான்றில் மூன்று பேர்: அண்ணன், தம்பி, நடுவில் ஒரு சகோதரி. "மூணு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் வாங்கணும், தங்கச்சி கையெழுத்து இல்லாம வேண்டாம்" என்று வக்கீல் கறாராக நின்றார். சரி, அந்த அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்தார்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கனுக்காகக் காத்திருந்தபோது பெஞ்சில் என் பக்கத்தில் அவர்தான். அறுபத்தைந்து வயதிருக்கும். அண்ணன் ஜெராக்ஸ் எடுக்க வெளியே போன நேரத்தில் என் பக்கம் குனிந்து, "தம்பி, இதுல எனக்கு எவ்வளவுன்னு எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"மொத்தமாத்தாம்மா எழுதியிருக்கு" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. அதற்குள் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே கைரேகை இயந்திரம் அவர் விரலை எடுக்கவே இல்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகையே மழுங்கிப்போன விரல். துணியில் துடைத்துத் துடைத்து நாலாவது தடவைதான் பதிந்தது. "பணம் முழுசா வந்துடுச்சாம்மா?" என்று சார்பதிவாளர் கேட்டார். அந்த அம்மா அண்ணனைப் பார்த்தார். அப்புறம் "வந்துடுச்சு" என்றார்.

பணம் முழுவதும் அண்ணன் கணக்குக்குத்தான் போனது. அப்படியே போடச் சொல்லி மூவரும் கையெழுத்திட்ட கடிதம் என்னிடம் இருக்கிறது. சட்டப்படி எனக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார் வக்கீல். ஆனால் அந்த வீட்டில் தினமும் விளக்கேற்றும்போது அந்தக் கேள்வி காதில் விழுகிறது.

கூடல்வாசி:

எனக்கு நடந்தது பவர் விவகாரம், அதாவது உரிமையாளருக்குப் பதில் இன்னொருவர் விற்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம். மதுரைக்கு வெளியே சின்ன வீடு. உரிமையாளர் வெளியூரில், வயதானவர். மருமகன் பவர் ஏஜெண்ட். பவர் பதிவு செய்தது, உயிர்வாழ் சான்றும் கையில் இருக்கிறது. 30 நாளைக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், இது 19 நாள்தான் ஆகியிருந்தது. எல்லாம் சுத்தம்.

பதிவு அன்று காலை என் மனைவி, "பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க" என்றாள். போன் போட்டேன். ஒரு பெண் எடுத்து, "காரியம் முடிஞ்சதும் பேசச் சொல்றேங்க" என்று வைத்துவிட்டார். பதிவைத்தான் காரியம் என்கிறார் என்று நினைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். கேட்டைத் திறக்கும்போதுதான் உறைத்தது. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். பெரியவர் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது.

பவர் கொடுத்தவர் இறந்தால் அந்த நிமிஷமே பவரும் போச்சு. ஆனால் சான்றின் தேதி செல்லும் என்பதால் அன்று பதிந்துதான் கொடுத்திருப்பார்கள். மருமகனுக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் அலுவலக வாசலில் நின்று எங்களுக்கு டீ சொல்லிக்கொண்டிருந்தார். அட்வான்ஸ் 3 லட்சம் திரும்பி வர ஏழு மாதம் ஆயிற்று.

வடவள்ளி:

செம்பாக்கத்தான், நீங்கள் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்த அம்மா எப்போதோ கல்யாணமாகிப் போனவர். பெண்களுக்குப் பங்கு என்பதே 1989-க்கு அப்புறம் வந்ததுதான். அதற்கு முன் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. வக்கீல் பாதுகாப்புக்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். எங்கள் அத்தைகள் இரண்டு பேரும் 1998-ல் எங்கள் அப்பாவுக்கு ஒரு பைசா வாங்காமல் எழுதிக் கொடுத்தார்கள். இன்றுவரை பொங்கல் சீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

தாமிரபரணி:

வடவள்ளி சொல்வது தவறு. 1989 தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005 மத்திய திருத்தமும் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியவை. இது அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. எந்த வருஷம் கல்யாணம் ஆனது என்ற பேச்சே இதில் வராது. மூன்றில் ஒரு பங்கு அவருடையது.

நானும் கையெழுத்துப் போட்டவள்தான். விடுதலைப் பத்திரம், என் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது. யாரும் மிரட்டவில்லை. அண்ணன் பேனா மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்து, "சாப்டியா?" என்று கேட்டான். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது, போட்டுக் கொடுத்தேன். பதினொரு வருஷம் ஆகிறது, இன்னும் அந்தப் பத்திரத்தை நான் படிக்கவில்லை. எவ்வளவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா உங்களிடமாவது கேட்டிருக்கிறார்.

நொய்யல்:

நான் விற்கப் போனவன். 2016-ல் வீட்டுக் கடனை அடைத்து அசல் பத்திரங்களை வங்கியிலிருந்து வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அட்வான்ஸ் கொடுக்க ஓர் இளம் ஜோடி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்தார்கள். அந்தப் பையன் போனில் வில்லங்கத்தைத் திறந்து, "சார், இதுல லோன் இன்னும் இருக்கே" என்றான். கடன் அடைந்ததற்கு ரசீது ஆவணம் பதியவே இல்லை. ஏழு வருஷமாக என் வீடு காகிதத்தில் அடமானத்தில் கிடந்திருக்கிறது. என் மகளின் முன்னால் நான் பொய்யன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர்கள் செக்கைப் பையில் வைத்துக்கொண்டு, பழத்தை மட்டும் எங்களுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். வங்கிக் கிளை இடம் மாறி, ஆள் மாறி, எனக்கு ரசீது பதிந்து கிடைக்க நாலு மாதம் ஆனது.

கணக்கர்:

என் கதை சின்னது. வில்லங்கம் பார்த்த தேதிக்கும் பதிவுக்கும் நடுவில் இருபது நாள் விட்டேன், அதற்குள் நான் வாங்கவிருந்த மனைக்கு வேறொருவர் விற்பனை ஒப்பந்தம் பதிந்துவிட்டார். ஆகவே யார் கேட்டாலும் சொல்வேன்: பதிவு அன்று காலையிலும் ஒருமுறை வில்லங்கம் பாருங்கள். பதிவுத்துறை தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அதிலும் பதிவானவை மட்டும்தான் வரும். பதியாத உயிலோ, நடந்துகொண்டிருக்கும் வழக்கோ அதில் தெரியாமல் போகலாம். அக்கம்பக்கத்தில் விசாரிப்பதை விடாதீர்கள்.

நொய்யலுக்கு நடந்தது இனி நடக்கக் கூடாது. கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவில் உள்ள அடமானத்தையும் நீக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1-லிருந்து நடைமுறை. எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

செம்பாக்கத்தான், உங்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மூன்று பேர் விற்கும்போது மூன்று பேர் பெயரிலும் தனித்தனி டிடி எடுத்திருக்க வேண்டும். டிடி எண்ணும் தொகையும் பத்திரத்திலேயே ஏறும், அந்த அம்மா உங்களிடம் கேட்கவே வேண்டியிருந்திருக்காது. விற்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பீர்கள். அப்படியானால் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று அன்றே கேட்டிருக்கலாம்.

இன்னொன்று. 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1% டிடிஎஸ் (விற்பவர் பேரில் முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும். பங்கு தனித்தனியாக 50-க்குக் கீழே இருந்தாலும் மொத்தத்தைத்தான் பார்க்க வேண்டும், 2024 அக்டோபரிலிருந்து இது தெளிவு. நீங்கள் வாங்கியபோது விற்பவர் ஒவ்வொருவருக்கும் தனி 26க்யூபி, அதாவது அந்த வரியைக் கட்டும் படிவம், போட வேண்டியிருந்தது. அந்த அம்மாவின் பான் எண்ணில் எவ்வளவு காட்டினீர்கள்? அவர் வாங்காத பணத்துக்கு வருமான வரியிலிருந்து கேள்வி வந்தால் அவருக்குத்தான் வரும்.

செம்பாக்கத்தான்:

நேற்று இரவு இதைப் படித்ததும் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஆடிட்டர் மூன்று 26க்யூபி போட்டிருக்கிறார், மூவருக்கும் சமமாக 21 லட்சம். அந்த அம்மா பேரில் 21,000 கட்டியிருக்கிறது. பதிவுக்கு ஒரு மாதம் முன்புதான் அவருக்குப் பான் கார்டே எடுத்திருக்கிறார்கள். வரி கட்டியதைக் காட்டும் மூன்று 16பி சான்றிதழையும் நான் அண்ணன் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும் என்று தோன்றவில்லை.

அன்று அவர் கேட்டதற்குப் பதில் என் ஃபைலிலேயே இருந்திருக்கிறது. பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் அவர் முகவரி இருக்கிறது. அவருடைய 16பி-யை மறுபடி எடுத்து, பத்திரத்துக்கு ஒரு ஜெராக்ஸும் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

தாமிரபரணி:

போய் வாருங்கள். அண்ணனிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டு, தெரியாவிட்டால் நீங்களே முழுதும் படித்துக் காட்டுங்கள். அவசரப்படாமல்.