அப்சர்வர் போட்டால் போதும் என்றவர் பதில் சொல்லட்டும்

ஆம்பூரான்: பக்கத்தை உருட்டும்போது படங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றச் செய்வது பற்றி, "ஸ்க்ரோல் ஈவன்ட் எழுதுகிறவன் இன்னும் பழைய காலத்திலேயே இருக்கிறான், இன்டர்செக்‌ஷன் அப்சர்வர் போட்டால் வேலை முடிந்தது" என்று காட்பாடிக்காரர் நேற்று எழுதியிருந்தார். ஸ்க்ரோல் ஈவன்ட் என்றால் உருட்டும்போதெல்லாம் நம் நிரலே ஓடிப் பார்க்கும்; அப்சர்வர் என்றால் ஒரு பகுதி திரைக்குள் வந்ததும் பிரவுசரே சொல்லிவிடும். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. எங்கள் ஊர் ஷூ ஏற்றுமதிக்காரர் ஒருவரின் பக்கத்தில் அதைத்தான் போட்டேன், த்ரெஷோல்ட் 0.5, அதாவது பகுதியில் பாதி தெரிந்தால்தான் காட்டும். மொபைல் குரோமில் ஷூ படங்கள் வரவே இல்லை, வெறும் வெள்ளை. அந்தப் பகுதி திரையைவிட மூன்று மடங்கு உயரம், எப்படி உருட்டினாலும் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும், பாதி எங்கிருந்து வரும்?

காட்பாடி கோடர்: 0.5 போட்டது நீங்கள். 0 வைத்து (கொஞ்சம் தெரிந்தாலே போதும்), ரூட்மார்ஜினில், அதாவது திரை எல்லையில், கீழ்ப்பக்கம் -20% கொடுங்கள், தெரிந்ததும் அன்அப்சர்வ் செய்து கவனிப்பதை நிறுத்திவிடுங்கள். ஸ்க்ரோல் ஈவன்டில் ஒவ்வொரு டப்பாவின் ஸ்டைலையும் மாற்றி உடனே அதன் இடத்தை அளந்தால், பிரவுசர் பக்கத்தின் அமைப்பை (லேஅவுட்) அங்கேயே திரும்பக் கணக்கிட வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது திரையை ஒரு முறை வரைய, 16.7 மில்லி செகண்ட்தான் இருக்கிறது. விலை குறைந்த போனில் திக்கித் திக்கி ஓடும்.

ஆம்பூரான்: அதெல்லாம் சரி. 0.5 வேலை செய்ததா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி: ரெண்டு பேரும் எதற்கு ஜாவாஸ்கிரிப்டைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில், உருட்டுவதோடு அசைவை இணைக்கும் அனிமேஷன்-டைம்லைன் 2023லேயே குரோம் 115இல் வந்துவிட்டது.

காட்பாடி கோடர்: வாங்க சார். அது ஓடாத பழைய ஐபோன் வைத்திருக்கும் கிளையண்டுக்கு நீங்கள் வந்து காட்டுவீர்களா? போன மீட்டப்பிலும் இப்படித்தான், பாதியில் புகுந்து பேசிவிட்டு டெமோ கேட்டதும் கிளம்பிப் போனீர்கள்.

சத்துவாச்சாரி: பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு எப்போதுமே இந்தத் திமிர்.

குடியாத்தம் தங்கை: அண்ணா, ஒன்று கேட்கட்டுமா? ஸ்கிரிப்ட் லோடே ஆகாவிட்டால் ஒபாசிட்டி 0 போட்டு மறைத்து வைத்த எதுவும் தெரியாதே. அப்புறம், அசைவைப் பார்த்தால் தலைசுற்றுகிறவர்கள் போனில் அதைக் குறைத்து வைத்திருப்பார்கள், அந்த ரெட்யூஸ்டு மோஷனை இங்கே யாராவது கவனிக்கிறீர்களா?

ஆம்பூரான்: அது வேற விஷயம்மா, தனியாகக் கேள். காட்பாடிக்காரரே, 0.5 என்று ஒரு எண்ணை வாங்கிக்கொள்கிற கருவி, உயரமான பகுதியில் அது நடக்காது என்று ஒரு எச்சரிக்கையாவது தரவேண்டாமா? பிழைகளைக் காட்டும் கன்சோலில் ஒரு வரி இல்லை. கிளையண்டிடம் திட்டு வாங்கியது நான்.

காட்பாடி கோடர்: ஆவணத்தைப் படிக்காமல் ஒட்டினால் திட்டு விழத்தான் செய்யும்.

ஆம்பூரான்: அப்படியானால் "போட்டால் வேலை முடிந்தது" என்று ஏன் எழுதினீர்கள்? என் ஸ்க்ரோல் ஈவன்ட், ஃப்ரேமுக்கு ஒரு முறை மட்டும் ஓடவைக்கும் ரெக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேமோடு, உருட்டுவதைத் தடுக்காத பாசிவ் போட்டு, அதே பக்கத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. 0.5க்குப் பதில் இன்னும் வரவில்லை.

சத்துவாச்சாரி: டெமோ ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன். காட்பாடிக்காரர் வந்தால் நான் வரமாட்டேன்.