பிரேக் ஆயில் மாற்றி, ஏர் எடுத்த பிறகும் பெடல் இறங்குகிறது: உதவுங்கள்

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி):

வணக்கம். என்னுடையது 2012 மாடல் சிறிய பெட்ரோல் கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் இல்லை. சென்ற மாதம் வால்பாறையிலிருந்து குடும்பத்தோடு இறங்கினோம். 40 கொண்டை ஊசி வளைவுகளில் கடைசிச் சில வளைவுகள் பாக்கியிருந்தபோது பெடல் பஞ்சுபோல உள்ளே போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, ஓரமாக நிறுத்தினேன். அரை மணி நேரம் காத்திருந்ததும் பெடல் பழையபடி வந்தது. அன்று என் கைநடுக்கம் நிற்க அதைவிட நேரமாயிற்று.

வீட்டில் பார்த்தால் பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. கார் என்னிடம் வந்து 6 ஆண்டுகள், ஒருமுறைகூட மாற்றவில்லை. போன ஞாயிறு நானே இறங்கினேன். டப்பாவிலிருந்த பழையதை உறிஞ்சி எடுத்து, டாட் 4 என்ற தர எண்ணுள்ள ஆயிலை ஊற்றி, மகளைப் பெடல் அழுத்தச் சொல்லி நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தேன், அதாவது குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன். பின் டிரம்களையும் கழற்றித் துடைத்தேன். வர மறுத்தன, பிரேக் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்திய பிறகே வந்தன.

இப்போது பெடல் முதல் மிதியில் பாதிக்கும் கீழே போகிறது. உடனே இரண்டாம் முறை மிதித்தால் மேலேயே நின்று கெட்டியாக இருக்கிறது. மறுபடி இரண்டு முறை ஏர் எடுத்துவிட்டேன். 1 லிட்டர் ஆயில் தீர்ந்தது, மாற்றம் இல்லை. எங்கே காற்று நுழைகிறது?

மலைப்பாதை:

ஏர் எடுக்கும் வரிசையைச் சரியாகப் பிடித்தீர்களா? நம் ஊர் கார்களில், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம். அதனால் மிகத் தொலைவில் இருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்கி, பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. வண்டியின் கையேட்டில் வேறு வரிசை கொடுத்திருந்தால் அதன்படிதான் செய்ய வேண்டும். காற்று வெளியேறும் திருகான நிப்பிளை இறுக்கும் முன் மகள் காலை எடுத்திருந்தால், வெளியேறிய காற்று அதே வழியில் திரும்பி உள்ளே போயிருக்கும்.

தென்னந்தோப்பு:

அதே வரிசைதான். "அழுத்து" என்றதும் அழுத்தி, நான் நிப்பிளை மூடி "விடு" என்றதும்தான் காலை எடுத்தாள். குழாயின் மறுமுனை பாட்டிலில் ஆயிலுக்குள் மூழ்கியே இருந்தது. டப்பாவில் அளவும் குறையவிடவில்லை. கடைசியில் ஒரு குமிழிகூட வரவில்லை.

எட்டுவழிச்சாலை:

டாட் 5 ஊற்றிப் பாருங்கள். 4-ஐ விட உயர்ந்தது, வெப்பம் தாங்கும். மலைக்கு அதுதான் நல்லது என்று கேள்விப்பட்டேன்.

பழைய பட்டறை:

தம்பி, டாட் 5 வேண்டவே வேண்டாம். அது சிலிக்கோன். உங்கள் வண்டியில் இருப்பது கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை, இரண்டும் கலக்காது. டாட் 5.1 என்பது மட்டும் 3, 4 ஆகியவற்றின் உறவு. எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

வால்பாறையில் நடந்தது ஆயில் கொதித்ததால்தான் என்று நினைக்கிறேன். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே கால் இருந்தால் முன் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பருக்குள் ஆயில் ஆவியாகும். ஆயிலை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். அதனால்தான் பெடல் உள்ளே போனது, ஆறியதும் திரும்பியது. டிஸ்க்கை உரசும் பேட் மட்டும் சூடேறியிருந்தால் பெடல் கல்போல நிற்கும், வண்டிதான் நிற்காது. ஆக, ஆயிலை மாற்றியது சரியான முடிவு.

ஆனால் இப்போதைய தொல்லை அதுவல்ல என்பது என் எண்ணம். "அட்ஜஸ்டரைத் தளர்த்திய பிறகே வந்தன" என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டும்போது திரும்ப இறுக்கினீர்களா? மூன்று விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் எத்தனை "கடக்"கில் பிடிக்கிறது, முன்பு எத்தனை? ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து வைத்துப் பெடலை மிதித்தால் முதல் மிதி எங்கே நிற்கிறது? எஞ்சினை ஓடவிட்டு, பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்தால் மெல்லக் கீழே நழுவுகிறதா?

அதுவரை வண்டியைத் தெருவுக்குக் கொண்டு போகாதீர்கள். பால் வாங்கக்கூட வேண்டாம்.

தென்னந்தோப்பு:

ஐயா, அட்ஜஸ்டரைத் திரும்ப இறுக்கவில்லை. அது தானாகச் சரியாகிக்கொள்ளும் என்று நினைத்தேன்.

ஹேண்ட் பிரேக் முன்பு 6, இப்போது 12. அதை இழுத்து வைத்து மிதித்தால் பெடல் முதல் மிதியிலேயே மேலே நிற்கிறது! ஒரு நிமிடம் பிடித்தும் நழுவவில்லை.

பழைய பட்டறை:

அப்படியானால் உங்கள் வண்டியில் காற்று இல்லை. டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்தும் லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளிதான் அதிகமாக இருக்கிறது. முதல் மிதியில் வருகிற ஆயில் முழுவதும் லைனிங்கைத் தள்ளிக்கொண்டு போவதிலேயே செலவாகிறது. லைனிங் திரும்பி வருவதற்குள் இரண்டாவது மிதி விழுவதால் கெட்டியாகத் தெரிகிறது. காற்று இருந்தால் பம்ப் செய்தாலும் அடியில் ஒரு தொய்வு மிஞ்சும், ரப்பர் பந்தை அழுத்துவதுபோல. மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிந்தால் பிடித்திருக்கும்போதே பெடல் இறங்கும். இந்த மூன்றையும் கால் பிரித்தறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் காலைக் கேட்காமல் 1 லிட்டர் ஆயிலைக் கொட்டியிருக்கிறீர்கள். பல பட்டறைகளிலும் இதே தவறு நடக்கிறது. அது என்னை வருத்தும் விஷயம்.

தானாகச் சரிசெய்யும் அமைப்பு லைனிங் தேயத் தேயக் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டத்தான். நீங்கள் தளர்த்திய அளவை ஒரே நாளில் பிடிக்க அதனால் முடியாது.

ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கி 12-ஐ 6 ஆக்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள், நோய் மறைந்திருக்குமே தவிரப் போகாது. ஹேண்ட் பிரேக்கை முழுக்க விட்டுவிட்டு டிரம்மைக் கழற்றுங்கள். அட்ஜஸ்டர் பற்சக்கரத்தைச் சில பற்கள் நகர்த்துவது, டிரம்மை மாட்டிக் கையால் சுற்றுவது, மறுபடி கழற்றுவது. லேசாக உரசும் சத்தம் கேட்டு, ஆனாலும் தடையில்லாமல் சுற்றினால் போதும். இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

திறந்திருக்கும்போதே, லைனிங்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருக்கக் கூடாது.

வண்டியை எதன் மேல் நிறுத்தினீர்கள்?

தென்னந்தோப்பு:

ஜாக்கி, கூடவே ஹாலோ பிளாக் கல்.

பழைய பட்டறை:

ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். உங்கள் தலைக்கு மேலே இருந்தது ஏறக்குறைய ஒரு டன் எடை. காரை மகளும் நீங்களும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் அப்படி நிறுத்தாதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வாங்குங்கள். கழற்றிய சக்கரத்தையும் அடியில் படுக்கவையுங்கள். எதிர்ச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வேண்டும்.

தென்னந்தோப்பு (மூன்று நாட்களுக்குப் பின்):

ஸ்டாண்ட் வாங்கிவிட்டேன். இடப்பக்கம் 14 பல், வலப்பக்கம் 17 பல் நகர்த்த வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே மாதிரி உரசுகின்றன.

ஆனால் இடப்பக்க வீல் சிலிண்டர் மூடிக்குள் ஈரம் இருந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் பார்த்திருக்க மாட்டேன். இரு பக்கமும் புதிதாக மாற்றிவிடலாமா? திறந்த பாட்டிலில் போன ஆண்டு ஆயில் கொஞ்சம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா?

பழைய பட்டறை:

இரு பக்கமும் மாற்றுங்கள். அந்தப் பாட்டில் ஆயிலை வண்டியில் ஊற்ற வேண்டாம். மூடியிருந்தாலும் ஓர் ஆண்டில் எவ்வளவு ஈரம் குடித்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதையும் வடித்த பழையதையும் சாக்கடையிலோ தென்னைக்கடியிலோ ஊற்றாமல், பட்டறைக் கழிவு எண்ணெய் பீப்பாயில் கொடுங்கள்.

இம்முறை ஏர் எடுக்கும்போது பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை தள்ளினால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல், அது என்றுமே போகாத பகுதிக்குப் போகும். அங்கே இருக்கும் துரு சீலைக் கீறிவிடும். பெயிண்டில் சிந்தினால் துடைக்காமல் முதலில் தண்ணீர் ஊற்றுங்கள்.

தென்னந்தோப்பு:

முடிந்தது. புது டாட் 4 பாட்டில், கட்டை, அதே வரிசை. இந்த முறை மகளே எண்ணிச் சொன்னாள்: பின் இடது சக்கரத்தில் தெளிந்த ஆயில் வர 22 மிதிகள். பெடல் முதல் மிதியில் மேலே நிற்கிறது, ஹேண்ட் பிரேக் 6-இல் பிடிக்கிறது. தோப்புக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, இருபது முறை நிறுத்திப் பார்த்தேன். நேராக நிற்கிறது, டிரம்கள் இரண்டும் ஒரே அளவு வெதுவெதுப்பு. ஞாயிறன்று ஆழியாறு வரை மட்டும் போகப் போகிறோம்.